பினாயில் ஊற்றிய குழி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கியவள் நான். மாட்டுக்கும் பாத்திக்கும் என்ன ஆகுமோ என்று பயப்படுவதற்குப் படிப்பு எதற்கு? இலங்கையில் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் எங்கள் இரண்டு பசுக்கள் நின்றன. அவற்றின் சாணத்தில்தான் பாத்தியில் கோவா என்கிற முட்டைக்கோசும் லீக்ஸும் வளர்ந்தன.

தேயிலைப் பேக்டரியில் மெஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த என் அண்ணன், இந்தியாவுக்குப் போய் வந்ததும் அங்கே பார்த்தபடி மாட்டுக்கொட்டிலை ஒட்டிக் குழி வெட்டினார். சாணத்தைக் கரைத்து ஊற்றி, மேலே ஒரு பீப்பாயைக் கவிழ்த்தார். வாயு சேர்ந்தால் பீப்பாய் எழும்புமாம், அந்த வாயுவில் அடுப்பு எரியுமாம்.

“சத்தெல்லாம் அடுப்புக்குப் போயிட்டா என் கோவா என்னத்தத் திங்கும் அண்ணே?”

“எரியறது மட்டுந்தான் போகும் தங்கச்சி. சத்து கரைசல்லயே நிக்கும். ஊத்திப் பாரு.”

ஊற்றினேன். லீக்ஸ் நிமிர்ந்தது. அடுப்பிலும் நீலமாக ஒரு சுடர், தேத்தண்ணி வைக்கப் போதும்.

யாரோ தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையிடம் வத்தி வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை வந்து பார்ப்பாராம். எரிந்தால் இருக்கட்டும், வெறும் நாற்றக் குழியென்றால் கொட்டிலோடு எடுத்துவிட வேண்டுமாம். கொட்டில் போனால் மாட்டை எங்கே கட்டுவது?

அந்த வாரம் முழுக்க, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் தோட்டத்து டிஸ்பென்சரிப் பினாயிலைத் தாராளமாக ஊற்றிக் கொட்டிலைக் கழுவினேன். கழுவிய தண்ணீர் குழிக்குள்தான் ஓடும். அது எனக்கு உறைக்கவேயில்லை.

சனிக்கிழமை தொரை முன்னால் அண்ணன் தீக்குச்சி கிழித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பீப்பாய் அமிழ்ந்து கிடந்தது.

“பிட்டரு பீடி பத்த வைக்கிறாரு போல” என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி.

அண்ணன் முகம் சிறுத்துப்போனது. “நான் வெல்டு வச்சதுலதான் ஓட்டை இருக்கும் தொரை” என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

தொரை மூக்கைச் சுருக்கினார். “இது என்ன ஆஸ்பத்திரி வாசம்?”

நான் முன்னால் வந்தேன். “நான்தாங்க தொரை. நாத்தம் வரக்கூடாதுன்னு பினாயில் ஊத்திக் கழுவுனேன்.”

“அடி பாவி, சாணத்தைப் புளிக்க வைக்கிற பூச்சியெல்லாம் செத்திருக்குமே!” என்று தலையில் கைவைத்த அண்ணனுக்கு, பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. வெல்டு தப்பில்லையே.

தொரையும் சிரித்தார். “ஒரு மாசம் பாக்கலாம். கொட்டில் மாடு மாதிரி வாசம் அடிக்கட்டும்.”

பழைய கரைசலைப் பாத்திக்கு எட்டாத இடத்தில் கொட்டிவிட்டுப் புதுச் சாணம் கரைத்தோம். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பீப்பாய் மெல்ல எழும்பியது. தொரை வந்து நீலச் சுடரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் விடிந்ததும் கொட்டிலுக்குப் போய் மூச்சை இழுத்துப் பார்ப்பேன். சாணம் நாறினால்தான் நிம்மதியாகப் பெரட்டுக்குப் போவேன்.