ராத்தா காத்த மீன்கள்

ராத்தாவை நினைக்கும்போதெல்லாம், வில்லு என்று நாங்கள் சொல்லும், வற்றிக்கொண்டிருந்த ஒரு மழைநீர்க் குளத்தின் சேற்றில் அவர் முழங்காலிட்டிருந்த கோலம்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. அபாயாவின் கீழ்ப்பாதி முழுவதும் சேறு. கையில், கொசுவுக்குக் கட்டும் பழைய நுளம்பு வலையை வெட்டி அவரே தைத்த சின்ன வலை. அதை நீருக்குள் விட்டு மெல்ல உயர்த்தி, வெயிலுக்குக் காட்டிக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். விரல் நகத்தைவிடச் சற்றே நீளமான மீன்கள் ஒன்றிரண்டு அதில் துடிக்கும். உடல் கண்ணாடிபோல இருக்கும். வெயில் பட்டால் மட்டும் விலாவில் பச்சையாக ஒரு கோடு மினுங்கும். "தம்பி, வாளியக் கிட்டக் கொண்டா, கெதியா" என்பார். நான் அவருடைய கடைசித் தம்பி. முச்சக்கரவண்டி ஓட்டிப் பிழைப்பவன். மீனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ராத்தா கூப்பிட்டால் போவேன், அவ்வளவுதான்.

மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் நாங்கள். சண்டை முடிந்த பிறகும் திரும்பிப் போகாமல் புத்தளத்திலேயே தங்கிவிட்டோம். ராத்தா நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தார். அவருடைய கணவர், என் மச்சானுக்கு உப்பளத்தில் வேலை. பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டின் முன்னறையில் கதிரை போட இடமில்லாமல் கண்ணாடித் தொட்டிகள் நிறைந்திருந்தன. முதலில் கடையில் வாங்கிய அழகு மீன்கள்தான். பிறகு மீன் வளர்க்கிறவர்கள் சிலரோடு பழக்கமாகி, அவர்கள் வழியாக மீன் ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழகத்து மிஸ் ஒருவர் வீட்டுக்கு வந்தார். முந்தல் ஊருக்கு அப்பால், தென்னந்தோட்டத்துக்கும் இறால் பண்ணைக்கும் நடுவில் கிடந்த ஒரு வில்லில் அந்தக் கண்ணாடி மீனைக் கண்டுபிடித்தவர் அவர்.

"அக்கா, தெற்குப் பக்கத்துல இருக்கிற மீன்தானோ இது, இல்லாட்டி வேறயோ எண்டு எனக்கே இன்னும் தெரியாது. தெரியிற வரைக்கும் கொஞ்சத்த உயிரோட வச்சிருங்க" என்றார் மிஸ்.

ராத்தாவும் சிலாபத்தில் ஒரு சிங்கள மாஸ்டரும் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். இரண்டு வீடுகளிலும் மீன் குஞ்சு பொரித்தது. ராத்தா எனக்குத் தொலைபேசியில் அந்தச் செய்தியைச் சொன்னபோது, வீட்டில் ஒரு பிள்ளை பிறந்ததைச் சொல்வதுபோலத்தான் இருந்தது.

அந்த வருடம் மழை பொய்த்தது. பண்ணையின் வரம்பு உடைந்து உப்புத்தண்ணீர் வில்லுக்குள் இறங்கியது. அன்றுதான் நாங்கள் சேற்றுக்குள் இறங்கி, மிஞ்சிய மீன்களை அள்ளினோம். அடுத்த முறை போனபோது வில்லின் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. நீரில் எதுவும் அசையவில்லை.

அதன்பின் வந்தது, நாடே வரிசையில் நின்ற காலம். பெற்றோல் இல்லை, எரிவாயு இல்லை, கரண்ட் வருவதும் போவதும் யாருக்கும் தெரியாது. தொட்டிகளில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மோட்டார்கள் நின்று நின்று ஓடின. ராத்தா வீட்டுக் கிணறு உவர். மழைத்தண்ணீர் சேர்த்துவைத்த பீப்பாய்கள் எப்போதோ காலியாகிவிட்டன. முந்தல் தென்னந்தோட்டத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. வழக்கமாக நான்தான் வண்டியில் ஏற்றிவருவேன். இப்போது வண்டி பெற்றோல் வரிசையில் நின்றது. நானும் அதற்குள்ளேயே உண்டு உறங்கினேன்.

ராத்தா அங்கேயே என்னைத் தேடி வந்தார். "தம்பி, ஒரேயொரு ஓட்டம்" என்றார்.

"பெற்றோல் கிடைச்சா முதல் ஓட்டம் உங்கட மீனுக்குத்தான் ராத்தா" என்றேன். என் முறை வருவதற்குள் பெற்றோல் முடிந்துவிட்டது.

அவர் பஸ்ஸில் போனார். ஆள் மேல் ஆள் தொங்கிய பஸ்ஸில், கேனோடு ஏறவிடமாட்டேன் என்று கண்டக்டர் சத்தம் போட்டிருக்கிறான். கெஞ்சி ஏறி, மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் வீட்டு வாசலில் இறக்கியபோது கேனில் பாதிதான் இருந்தது. மீதி அவருடைய உடுப்பில். அடுத்த நாள் குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் எடுத்துத் தொட்டியில் ஊற்றினார். மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

"மனிசருக்கே தொண்டை நனைக்கத் தண்ணி இல்ல. உனக்கு மீனா பெரிசு?"

 ராத்தா கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தார், காற்றுக் கலக்கட்டும் என்று. கை ஓய்ந்து அவர் சுவரில் சாய்ந்தபோது, திட்டிய மச்சானே கோப்பையை வாங்கிக்கொண்டார்.

சிலாபத்து மாஸ்டர் அழைத்தார். "தங்கச்சி, எண்ட மீன் எல்லாம் முடிஞ்சி" என்றார். உடனே அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

ராத்தாவின் தொட்டிகளிலும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின. கீழே கிடந்தவை எழும்பவில்லை. ஒரு நடுப்பகலில் ராத்தா மிஸ்ஸுக்கு அழைத்தார். வண்டியை வரிசையில் விட்டுவிட்டு நானும் அங்கே வந்திருந்தேன். வந்து எடுத்துப்போக மிஸ்ஸுக்கும் வழியில்லை. கடைசியில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"அக்கா, செத்து அழுகினா ஒண்டுக்கும் உதவாது. உயிர் இருக்கேக்கயே நான் தந்த ஸ்பிரிட்ல போட்டா ஆராய்ச்சி செய்யலாம். உங்களக் கட்டாயப்படுத்த மாட்டன்."

ராத்தா வெகுநேரம் தொட்டிக்கு முன்னால் இருந்தார். பிறகு எழுந்து ஸ்பிரிட் போத்தலைக் கொண்டுவந்தார். மச்சான் அதைப் பிடித்துக்கொள்ள, நுளம்பு வலையால் ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பிஸ்மில்லாஹ் சொன்னார். இடையிடையே, "தெற்குல இருக்கும். அங்க இருக்கிற மீன்தான் இது. அங்க இருக்கும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஸ்பிரிட்டில் விழுந்ததும் அந்தப் பச்சைக் கோடு ஒருகணம் மினுங்கி அணைந்தது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

அந்தக் கிழமையே மழை கொட்டியது. ராத்தா முற்றத்துக்கு ஓடிப் பீப்பாய்களின் மூடிகளைத் திறந்துவைத்தார். திறந்த பிறகுதான் நினைவு வந்திருக்க வேண்டும். நனைந்தபடி அங்கேயே நின்றார்.

பெற்றோல் வந்தது, வரிசைகள் கலைந்தன. ஸ்பிரிட் போத்தல் மிஸ்ஸிடம் போய்ச் சேர்ந்தது. தொட்டிகளை ராத்தா யாருக்கோ கொடுத்துவிட்டார். வெகுகாலம் கழித்து மிஸ் மறுபடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. தேத்தண்ணியை வாங்கி வைத்துவிட்டு ராத்தாவின் கையைப் பிடித்தார்.

"அக்கா, உங்கட மீனாலதான் எல்லாம் தெரிய வந்தது. தெற்குல இருக்கிறது இல்ல. இது தனி மீன், புது மீன்!"

"அப்ப இது வேற எங்கயும் இல்லையா?"

மிஸ்ஸின் சிரிப்பு மெல்ல வடிந்தது. "நாங்க தேடாத இடமில்ல அக்கா" என்றார்.

ராத்தா கையை விடுவித்துக்கொண்டார்.  என் பக்கம் திரும்பி, நான்தான் அதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்பதுபோலப் பார்த்தார்.

"தம்பி, அங்க இருக்கும் எண்டு நினைச்சுத்தானே போட்டன்."