டாக்டர் முன்னால் மட்டும் நன்றாக நடந்த அப்பா

போன வருஷம் ஆடி மாதம், சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு கிளினிக். அறைக்குள் டாக்டர், அப்பா, நான். அம்மா வரவில்லை, அவர் சமையல் வேலை பார்க்கும் ஹாஸ்டலில் லீவு கொடுக்கவில்லை. அக்கா கைக்குழந்தையோடு கேளம்பாக்கத்தில். இரண்டு பேரில் ஒருவர் கூட இருந்திருந்தாலும் அன்றைக்கு நான் செய்ததைச் செய்ய விட்டிருக்க மாட்டார்கள்.

அப்பா மினி பஸ் டிரைவர். தாம்பரத்தைச் சுற்றி அவர் ஓட்டாத ரோடு கிடையாது. முதலில் வலது கை ஆட ஆரம்பித்தது. அப்புறம் நடை சின்னச் சின்னதாகச் சுருங்கியது. பார்க்கின்சன் என்றார்கள், பஸ் வேலையும் நின்றது. இந்த நோயில் முகமும் இறுகிப் போய்விடுமாம். வீட்டில் அவர் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. நான் ஷேவ் பண்ணிவிட்டு, சட்டைப் பட்டன் போட்டுவிட்டு, சோறு பிசைந்து வைத்தாலும் ஒரு 'உம்' தான்.

டாக்டரிடம் போகிற நாளில் பார்க்க வேண்டுமே! காலையிலேயே வெள்ளைச் சட்டையை எடுத்து வைக்கச் சொல்வார். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து வந்தவர், கிளினிக் வாசலில் என் கையைத் தட்டிவிடுவார். டாக்டர் "எப்படி இருக்கீங்க ஐயா?" என்று கேட்டால், "சூப்பரா கீறேன் சார்" என்பார். விரலைத் தட்டச் சொன்னால் தட்டுவார். நடந்து காட்டச் சொன்னால் கையை வீசி நடந்து, திரும்பி வந்து, சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். அப்படித்தான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை இல்லை.

ஒரு தடவை டாக்டர் அவர் ஓட்டிய ரூட்டைப் பற்றிக் கேட்டார். முடிச்சூர் ரோட்டில் வெள்ளம் ஏறிய அன்று பஸ் நிறைய ஜனங்களை எப்படி வெளியே கொண்டு வந்தேன் என்று அப்பா ஒரு கதை சொன்னார் பாருங்கள், நானே வாயைப் பிளந்து கேட்டேன். ஒரே வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தக் கதை தெரியாது. 

எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் படித்து டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். தண்ணீர் குடிங்கப்பா என்று நான் சொன்னால் கேட்க மாட்டார். அதையே டாக்டர் சொன்னதாகச் சொன்னால் சொம்போடு எடுத்துக் குடிப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நானும் படிச்சவன்தான்பா" என்றேன். "அவரு படிச்சது வேற, நீ படிச்சது வேற" என்றார். அம்மா பக்கத்திலிருந்து, "உங்கப்பா அந்த டாக்டர தத்து எடுத்துக்கினாருடா, நீ வேற வூடு பாத்துக்கோ" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிரிக்கிற விஷயமும் இல்லை அது. வீட்டில் அப்பா பாத்ரூம் வாசலுக்கு வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகும், கால் வராது. ரெண்டு முறை விழுந்து, புருவத்துக்கு மேலே தையல் போட்டோம். டாக்டர் கேட்டபோது, "பீரோ கதவு இடிச்சிடுச்சு சார்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து நடந்தும் காட்டிவிட்டார். டாக்டர் மாத்திரையை மாற்றவில்லை. அடுத்த முறை விழுந்து இடுப்பெலும்பு போனால் அப்புறம் படுக்கைதான். அந்தப் பயம் பாதி, பொறாமை பாதி. அப்பா பாத்ரூம் வாசலில் மாட்டிக்கொண்டு நின்ற ஒரு காலையில் போனில் வீடியோ எடுத்துவிட்டேன்.

அன்றைக்கும் வழக்கம்போல நடந்து காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் போனை எடுத்து, அந்த வீடியோவை ஓடவிட்டு டாக்டர் மேஜையில் வைத்தேன். "டேய், டேய், புடிடா" என்று அப்பாவின் குரல் அந்த அறையில் கேட்டது. டாக்டர் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை.

"எங்கிட்ட வர நிறைய பேர் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நல்லாத்தான் நடப்பாங்க. ஆனா விழறத ஏன் ஐயா மறைச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அப்பா மெதுவாக, "அப்போ லைசன்ஸுக்கு கையெழுத்து போட மாட்டீங்களா சார்?" என்றார்.

"இன்னா லைசன்ஸுப்பா?" என்றேன் நான்.

அவருடைய ஹெவி லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் ஒருத்தர் எழுதித் தர வேண்டும். எழுதி வாங்கி வந்தால் வண்டி தருகிறேன் என்று பஸ் ஓனர் வாக்குக் கொடுத்திருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் நடந்து காட்டியதை அப்பா பரீட்சையாகத்தான் நினைத்திருக்கிறார். மாத்திரையைக்கூட, டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் வேலை செய்கிற மாதிரி, நேரம் பார்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். "எஞ்சின் சூடா கீற அப்பதானே சார் எஃப்.சி. காட்டணும்?" என்றார், வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்கப் போகிற டிரைவராக.

டாக்டர் சிரிக்கவில்லை. "இனிமே பஸ் ஓட்டக் கூடாது ஐயா. யார் கேட்டாலும் நான் கையெழுத்து போட மாட்டேன்" என்று தெளிவாகச் சொன்னார். அப்புறம் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதினார். கால் ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதே, அவர் காலுக்கு முன்னால் உன் காலைக் குறுக்கே வை, அதைத் தாண்டச் சொல் என்று எனக்குச் செய்து காட்டினார். அப்பா தாண்டினார். ஆனால் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாள் என்னோடு பேசவும் இல்லை. அடுத்த முறை டாக்டர் எப்படி இருக்கீங்க என்று கேட்டதற்கு, "இவனக் கேளுங்க சார், படம் புடிச்சி வச்சிருப்பான்" என்றார். இப்போது அவ்வளவாக விழுவதில்லை. காலையில் பாத்ரூம் வாசலில் நான் காலை நீட்டினால், "தள்ளி வைடா, ஸ்பீட் பிரேக்கர் மாதிரி" என்று திட்டிக்கொண்டே தாண்டுகிறார்.

டாக்டர் முன்னால் அப்பா சிரித்தது பாசச் சிரிப்பு இல்லை, பரீட்சைக்கு வந்தவனின் சிரிப்பு என்று தெரிந்த பிறகும், அந்த டாக்டர் மேல் எனக்கு இருந்த பொறாமை முழுசாகப் போகவில்லை. அப்பா எதையோ ஆசைப்பட்டுக் கேட்டது அவரிடம்தானே, என்னிடம் இல்லையே. அன்றைக்கு டாக்டர் பீஸ், புது மாத்திரை, போக வர ஆட்டோ எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாயும், அப்பாவின் ஹெவி லைசன்ஸும்.