சிமெண்டுக் கல் மேல் நின்ற கார்

இது நடந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. இடம், மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டுக் கார் போர்ச். சனிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிட வயதில் மூத்த பிரிட்டிஷ் கார் அது. பூச்சோங்கில் ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. இடத்தை அடைக்கிறது, யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார் அவர். லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். மூன்று மாதத்தில் ஓட வைத்துவிடுவேன் என்று மனைவியிடம் சொன்னேன். பதினோரு மாதம் ஆகியும் அது சக்கரம்கூட இல்லாமல் போர்ச்சில் நின்றது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு போல்ட்டைக் கழற்றினால் அதற்குப் பின்னால் இன்னும் மூன்று வேலை உட்கார்ந்திருக்கும்.

சக்கரம் இல்லாத கார் எதன் மேலாவது நிற்க வேண்டுமே. பக்கத்து வீட்டில் சமையலறையை நீட்டிக் கட்டியபோது மிஞ்சிய சிமெண்டுக் கற்கள் வேலியோரம் கிடந்தன. சுவர் கட்டுவதற்கான, நடுவில் ஓட்டை உள்ள பெரிய கற்கள். கேட்டதும் கொடுத்தார்கள். மூலைக்கு இரண்டாக அடுக்கி, மேலே ஒரு பலகைத் துண்டு வைத்து, காரை அதன் மேல் இறக்கினேன். அழகாக நின்றது. வார நாட்களில் வேலைக்குப் போய் வருவேன். சனிக்கிழமை ஆனால் பழைய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்து, காருக்கு அடியில் புகுந்துவிடுவேன்.

என் வேலை என்ன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைகிறேன். தூண், உத்திரம், அஸ்திவாரம். எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை இருபது வருடமாகத் தாளிலும் திரையிலும் பார்த்து வருபவன். என் மனைவி இரண்டு முறை, "ஏங்க, அந்தக் கல்ல பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னாள். இரண்டு முறையும் நான் கணக்குச் சொன்னேன். காரின் எடை இவ்வளவு, நாலாகப் பிரித்தால் ஒரு கல்லுக்கு இவ்வளவு, அந்தக் கல் அதைப்போல் பல மடங்கு தாங்கும் என்று. அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கணக்குப் பாடம் எடுப்பவள். ஆனாலும் என்னை எதிர்த்துக் கணக்குப் போடவில்லை.

அந்தச் சனிக்கிழமை காரின் பின்பகுதிக்கு அடியில் படுத்திருந்தேன். பின் அச்சை முந்தின மாதமே கழற்றி வெளியே வைத்துவிட்டேன். ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த ஒரு போல்ட் மட்டும் துருப்பிடித்து வர மறுத்தது. ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் சொருகி, காலை ஊன்றி, முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் கார் லேசாக ஆடியது. அதை நான் கவனிக்காமல் இல்லை. போல்ட் அசையப் போகிறது என்று நினைத்தேன்.

கேட் திறந்தே இருந்தது. "பார்சல்!" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"அங்க செருப்பு ஸ்டேண்டு மேல வச்சிடுங்கமா" என்றேன் அடியிலிருந்தே.

காலடிச் சத்தம் உள்ளே வந்தது. பிறகு நின்றுவிட்டது. திரும்பிப் போகவில்லை. நீல கேன்வாஸ் காலணி போட்ட இரண்டு கால்கள், பின்பக்க இடது மூலைக்கு அருகில் நின்றன. அவர் குனிந்து பார்ப்பது நிழலில் தெரிந்தது.

"அண்ணே, ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

"வேலையா இருக்கேன். வச்சிட்டுப் போங்க."

"இல்லண்ணே, இதுக்குக் கையெழுத்து போடணும். கண்டிப்பா வேணும். வாங்க."

எரிச்சலோடுதான் வெளியே ஊர்ந்து வந்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. வியர்வையில் நனைந்த தொப்பி, தோளில் ஒரு பை, கையில் என் பார்சல். பேனா இல்லை, கையெழுத்துப் போட ஒன்றுமே இல்லை. எங்கே போட வேண்டும் என்று கேட்டேன்.

"கையெழுத்தெல்லாம் வேணாம்ணே. நீங்க வெளிய வரணும்னுதான் அப்படிச் சொன்னேன். கோச்சிக்காதீங்க."

என் முகம் எப்படி மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை அவர் பார்த்தும் பின்வாங்கவில்லை. இடது மூலையில் இருந்த மேல் கல்லைக் காட்டினார். பதினோரு மாத மழைச் சாரலில் கறுத்துப் பாசி பிடித்த கல் அது. அதன் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. பென்சிலால் கீறியதுபோல் மெல்லிய கோடு.

"பழைய வெடிப்புன்னா அதுவும் கறுத்திருக்கும்ணே. இது வெள்ளையா இருக்கு. இன்னிக்கு விட்ட வெடிப்பு. கீழ பாருங்க, மாவு மாதிரி கொட்டியிருக்கு."

டைல்ஸ் மேல் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூள் கிடந்தது. காரின் அடியிலிருந்து உதிர்ந்த பழைய மண் என்று நினைத்திருந்தேன்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். கேட்ட விதம் மரியாதையாக இல்லை. அவர் காஜாங் பக்கம் சிமெண்டுக் கல் அச்சடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடம் வேலை செய்தவராம்.

"இது சுவருக்குப் போடுற கல்லுண்ணே. மேல மேல வரிசையா அடுக்குனா எவ்வளவு வேணும்னாலும் தாங்கும். ஒரு எடத்துல மட்டும் குத்துனா தாங்காது. நீங்க ஓட்டை சைடுல தெரியற மாதிரி படுக்க வேற வச்சிருக்கீங்க. இரும்பு மாதிரி வளைஞ்சு காட்டிட்டெல்லாம் இது ஒடையாது. சொல்லாம கொள்ளாம பொளந்துடும்."

நான் என் கணக்கைச் சொன்னேன். மனைவியிடம் சொன்ன அதே கணக்கு. அவர் பொறுமையாகக் கேட்டார். நான் அதோடு நிற்கவில்லை. "இதோ பாருங்க" என்று காரின் பின் மூலையில் கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினேன். ஒன்றும் ஆகவில்லை. அவர் மட்டும் இரண்டு அடி பின்னால் போனார்.

"சரிண்ணே. ஜாக் போட்டுத் தூக்கி அந்த ஒரு கல்ல மட்டும் வெளிய எடுத்துக் காட்டுங்களேன். நல்லா இருந்துச்சுன்னா மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன் லா."

தெருவில் அவருடைய வேன் நிறைய பார்சல்கள் இருந்தன. அவர் போகிறவராகத் தெரியவில்லை. சீக்கிரம் முடித்து அனுப்பிவிடலாம் என்று ஜாக்கை எடுக்க வீட்டுக்குள் போனேன். அது சமையலறைக்குப் பின்னால் இருந்தது. மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "யாருங்க வந்திருக்கா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. முதலில் காய்ந்த ரொட்டியை ஒடிப்பதுபோல் சின்னதாக ஒன்று. உடனே தகரமும் டைல்ஸும் மோதிய பெரிய சத்தம்.

இருவரும் ஓடினோம். காரின் பின்பக்கம் முழுவதும் தரையில் கிடந்தது. இடது மூலைக் கல் மூன்று துண்டாகிவிட்டது. அந்த உலுக்கலில் வலது மூலைக் கற்களும் சரிந்து உருண்டிருந்தன. அந்தப் பெண் கேட்டுக்கு வெளியே நின்றார். பார்சல் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். அடியில் என் அட்டை விரிப்பின் ஓரம் தெரிந்தது. வெளியே வரும்போது அதன் மேல் வைத்துவிட்டு வந்த டார்ச் லைட் நசுங்கிப் போயிருந்தது. இடைவெளியில் கையை நுழைத்தேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியவில்லை. மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்சம் போனது. முழங்கை போகவில்லை.

மனைவி உள்ளே போய் அவருக்கு ஒரு கிளாஸ் மைலோ கலந்து கொண்டுவந்தாள். அவர் நின்றபடியே குடித்தார். பிறகு பார்சலைச் செருப்பு ஸ்டேண்டின் மேல் வைத்து, கொண்டுவந்து சேர்த்ததற்கு அடையாளமாகக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

போகும்போது, "மீதிக் கல்லையெல்லாம் ஒடச்சிப் போட்டுடுங்கண்ணே. கண்ணு முன்னால இருந்தா மறுபடியும் எதுக்காவது எடுப்பீங்க" என்றார்.

நான் நன்றி சொன்னேனா என்று மனைவியிடம் அன்று மாலை கேட்டேன். சொல்லவில்லை என்றாள். பிறகு குளிக்கப் போனேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளித்து முடித்தேன்.

மறுநாள் காலை, பட்டறை வைத்திருக்கும் ஒரு நண்பரை வரவழைத்தேன். அவர் இரண்டு ஜாக்குகளை வைத்துக் காரைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார். உயர்ந்த அளவுக்கு அடியில் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே வந்தார். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட உள்ளே நீட்டக் கூடாது, எண்ணெய் கசிந்தால் தானாக இறங்கிவிடும் என்றார். முன்பக்கத்தையும் அப்படியே தூக்கி, பழைய கற்களை எல்லாம் வெளியே எடுத்தோம். மீதிக் கற்களைச் சுத்தியலால் உடைத்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடிகூடத் தேவைப்படவில்லை.

அடுத்த மூன்று சனிக்கிழமைகளில் காரில் ஒரு வேலையும் செய்யவில்லை. அது நிற்கும் விதத்தை மட்டுமே சரி செய்தேன். நான்கு இரும்பு ஸ்டேண்டுகள் வாங்கினேன். அகலமான கால்களோடு, உயரத்தைப் பூட்ட ஆணி உள்ளவை. எங்கள் போர்ச் தரை டைல்ஸ் என்பதாலும் வடிகால் பக்கம் சற்றே சரிவு என்பதாலும், ஒவ்வொரு ஸ்டேண்டுக்கும் அடியில் மட்டம் பார்த்துக் கனமான இரும்புத் தகடு போட்டேன். காரின் அடியில் எங்கெல்லாம் துரு தின்றிருக்கிறது என்று சுத்தியலால் தட்டிப் பார்த்து, கெட்டியாக ஒலித்த சட்டத்தில் மட்டும் ஸ்டேண்டுகளை நிறுத்தினேன். வேலைக்குத் தேவையான உயரத்துக்கு மேல் ஓர் அங்குலம்கூட ஏற்றவில்லை. கழற்றிய சக்கரங்களைப் படுக்கவைத்து, இரு பக்கமும் காருக்கு அடியில் தள்ளினேன்.

ஒரு மாதம் கழித்து அடுத்த பார்சல் வந்தது. அவரேதான் கொண்டுவந்தார். பார்சலைக் கொடுக்காமல் நேராகக் காரிடம் போய்க் குனிந்தார்.

"இந்த டயரெல்லாம் எதுக்குண்ணே?"

"ஸ்டேண்டு நழுவுனாலும் காரு டயர் மேலதான் உக்காரும். அடியில ஆளு இருக்கற அளவுக்கு எடம் மிஞ்சும்."

தலையாட்டினார். காரின் மூலையில் கை வைத்து, நான் அன்று தள்ளியதைவிட பலமாக உலுக்கினார். அசையவில்லை. "ம்ம். இப்ப படுக்கலாம்" என்றார்.

அன்றுதான் அவருக்கு நன்றி சொன்னேன். அத்தனை பார்சலை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆளிடம் பொய் சொல்லி வெளியே வரவழைக்க எப்படித் தோன்றியது என்றும் கேட்டேன். அவர் பார்சலை என்னிடம் நீட்டினார்.

"கம்பெனில ஒருநாள் கல்லு அடுக்கு ஒண்ணு சாஞ்சு நின்னுச்சுண்ணே. சூப்பர்வைசர் அதுக்குக் கீழ நின்னு போன் பேசிட்டிருந்தாரு. நாங்க நாலு பேரு பாத்தோம். அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுதுன்னு வாயத் தொறக்கல. அவருக்கு ஒரு காலு போயிடுச்சு." இதைச் சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார். "சரிண்ணே, செலாயாங் வரைக்கும் போவணும்" என்று கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வேறு ஆள் வருகிறார்.

கார் ஒருவழியாக ஓடுகிறது. ஆனால் அலுவலகத்தில் இந்தச் சம்பவத்தைச் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பாரம் தாங்குவதைப் பற்றி இளம் பொறியாளர்கள் என்னிடம் சந்தேகம் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். தூணின் கணக்கை நான் அறிவேன், அந்தக் கல்லை நான் அறியவில்லை. அறிந்த ஒருவர் வந்து சொன்னபோதும், கேட்டுக்கொள்ளும் பணிவு என்னிடம் இருக்கவில்லை.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். கடை முகப்பில் ஒருவர் மழை ஈரம் காயாத டைல்ஸில் ஏணியைச் சாய்த்து, உச்சியில் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். வழுக்கும் என்றேன். பல வருடமாக இப்படித்தான் ஏறுகிறேன் என்றார். அவர் இறங்கும்வரை ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கியதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனார். அதே பார்வையை ஒரு காலத்தில் நானும் பார்சல் கொண்டுவந்த அந்தப் பெண்மேல் வீசியிருக்கிறேன். அந்தப் பார்வைக்கு அஞ்சி அவர் போயிருந்தால் இன்று நான் இல்லை என்பதால், இவருடைய பார்வை என்னைச் சிறிதும் சுடவில்லை.