காப்பு வளர்ந்த கதை

பளையிலிருந்து போன் வந்தால் எடுக்கவே எனக்குப் பயமாக இருக்கும். அங்கே இருப்பவர் என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள். கணவனை இழந்து, ஒரு துண்டுத் தென்னங்காணியை வைத்துக்கொண்டு ஒரே மகளை வளர்க்கிறவர். எங்களை ஒரு நாளும் ஒரு சொல் கேட்டதில்லை. பயமே அதுதான். கேட்கிறவருக்கு ஏதாவது பதில் சொல்லிச் சமாளிக்கலாம், கேட்காதவரிடம் என்னத்தைச் சொல்வது? அவருடைய நாலு தங்கக் காப்பு எங்கள் பெயரில் கிளிநொச்சி வங்கி ஒன்றில் அடைவில், அடகாகக் கிடந்தது. அவருடைய மகள் வயதுக்கு வந்து பெரியபிள்ளை ஆகும்போது அதைத் திருப்பிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தோம். அந்த நாள் எப்போது வரும் என்று எந்தக் கலண்டரிலும் போட்டிருக்கவில்லை.

தொடங்கியது ஒரு வெள்ளத்தில். அந்த வருசம் மாரி மழையோடு செய்யும் காலபோகத்தில் ஸ்கந்தபுரத்தில் எங்கள் மூன்று ஏக்கர் வயலும் பத்து நாள் தண்ணீருக்குள் கிடந்தது. இருசில்லு உழவு இயந்திரத்தை லீசிங்கில் எடுத்திருந்தோம். மூன்று மாதத் தவணை நின்றுபோனதும் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, அடுத்த வெள்ளிக்கிழமை இயந்திரத்தைத் தூக்குவோம் என்று முற்றத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் அக்காவுக்குப் போன் எடுத்தது எனக்குத் தெரியாது. புதன்கிழமை மச்சாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். குசினிக்குள் என் பக்கத்தில் இருந்து, கையில் சவர்க்காரம் தேய்த்து, ஒவ்வொன்றாக நாலு காப்பையும் கழற்றி ஒரு லேஞ்சித் துணியில் முடிந்தார்.

“இதை வைச்சுக் கட்டுங்கோ. பிள்ளை பெரிசாகேக்கை தந்தால் காணும்,” என்றார்.

பிள்ளை அப்போது மூன்றாம் வகுப்பு. முன்பல் விழுந்திருந்தது. எங்களுக்குக் கடல் அளவு காலம் இருப்பதாகப் பட்டது.

அடுத்த வருசம் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் வினை பிடித்தது. பவுண் விலை கண்மண் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்த நேரம். கவுண்டரில் இருந்த தம்பி கணக்குப் பார்த்துவிட்டு, காப்பை எடுத்துத் திரும்பவும் வைத்தால், பழைய கடனையும் வட்டியையும் கழித்த பிறகும் கையில் கொஞ்சம் மிஞ்சும் என்றான். இவருடைய முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது, “பாத்தீரோ, காப்பு சும்மா கிடந்து வளருது,” என்றார்.

காப்பின் நிறை ஒரு மஞ்சாடியும் கூடவில்லை, கடன்தான் கூடியது. இன்றைக்கு இதை ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. முதல் முறை மிஞ்சிய காசில் தண்ணீர் மோட்டார் வாங்கினோம். இரண்டாம் முறை, உரம் கிடைக்காமல் எல்லோரும் அலைந்த போகத்தில், கள்ள விலைக்கு உரம் வாங்கினோம். மூன்றாம் முறை, பொய் சொல்லக்கூடாது, நான்தான் கேட்டேன். கண்ணாடி வைத்த அலுமாரி ஒன்று வேண்டும் என்றேன். வாங்கினோம். அதற்குள் வைக்க எங்களிடம் நாலு சேலையும் காணி உறுதியும்தான் இருந்தன.

அந்தக் கண்ணாடியில் என்னைப் பார்க்கும் ஒவ்வொரு காலையும் மச்சாளின் வெறுங்கைதான் நினைவுக்கு வந்தது. ஒரு நாள் அடைவு ரசீதை எடுத்துவைத்து, காப்பை மீட்க எவ்வளவு வேண்டும் என்று நானே கூட்டிப் பார்த்தேன். வாங்கிய முதல் காசைப்போல மூன்று மடங்கு வந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவர் மேல், அந்தக் கவுண்டர் தம்பி மேல், எல்லோரையும் விட என் மேல். அன்றைக்கே இவரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்: வயல் காசு வயலுக்கும் லீசிங்குக்கும். மாட்டுக் காசில் கை வைக்கக்கூடாது, அது காப்புக்கு. இவர் சரி என்றார். இவர் எதற்கும் சரி என்று சொல்லக்கூடிய மனிதர்தான், அதுதான் தொல்லையே.

இரண்டு பசு நின்றன. பால் சேகரிப்பு நிலையம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தரும் காசை, வழியில் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே கொண்டுபோய் வங்கியில் ஒரு கணக்கில் போட்டேன். அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு வீட்டில் பால் புத்தகம் என்று பெயர். ஏழு மாதம் ஒழுங்காகப் போனது. பிறகு மாடுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வரும் நோய் ஊரெங்கும் பரவியது. ஒரு பசு செத்தது, மற்றதில் பால் வற்றியது. புத்தகத்தில் இருந்ததில் பாதி மருந்துக்குப் போனது. அது எழும்பிப் பால் தரத் தொடங்கியதும் முதலில் இருந்து தொடங்கினேன். இவர் மேசன் வேலைக்குப் போய்ச் சாரத்தில் இருந்து விழுந்து கால் முறிந்த இரண்டு மாதம் அந்தப் பாலில்தான் சோறு தின்றோம். ஆனாலும் லீசிங் முடிந்தது. அடுத்த முறை வங்கியில் நாலு காப்பையும் இரண்டு ரசீதாகப் பிரித்து வைத்து, வருசக் கடைசியில் ஒரு சோடியை மீட்டேன். அலுமாரிக்குள் பூட்டி வைக்க ஒரு பொருள் முதன்முதலாக வந்தது.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்று இவர் சொன்னார். நான் விடவில்லை. ஒரு சோடியைக் கொடுத்தால் மற்றச் சோடி எங்கே என்ற கேள்வி வரும். ஒரு தடவை வைத்த காப்பை எடுக்க ஏன் இவ்வளவு காலம் என்ற கேள்வி வரும். மூன்று தரம் கூட்டிக் கூட்டி வைத்தோம் என்று எந்த வாயால் சொல்வது?

பளைக்குப் போகும்போது எப்போதும் ஊர்க்கோழி முட்டை கொண்டுபோவேன், பிள்ளைக்கு. கோயில் திருவிழாவுக்குப் போன ஒரு முறை அவள் ஓடிவந்து என்னோடு ஒட்டி நின்றபோது என் தோளுக்கு மேலே நின்றாள். அடுத்த முறை முட்டையைக் கட்டி வைத்துவிட்டு, வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். முட்டை தின்றால் பிள்ளை கெதியாகப் பெரிசாகிவிடும் என்ற பயம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வளரக்கூடாது என்று நினைத்த மாமி நான். அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

போன் வந்தது ஒரு மார்கழிக் காலையில், பால் கறந்துகொண்டிருந்தபோது.

“பிள்ளை பெரிசாயிட்டாள்,” என்றார் மச்சாள். “மாமி வந்துதான் தண்ணி வாக்கவேணும்.”

காப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றைக்கே போய்த் தண்ணீர் வார்த்தேன். பிள்ளை குனிந்து இருந்தாள். நான் பார்த்தது அவளை அல்ல, பக்கத்தில் குடத்தை எடுத்துத் தந்த மச்சாளின் வெறுங்கையைத்தான். இருபத்தோராம் நாள் சடங்கு என்று குறித்தார்கள். நெல் வெட்ட இன்னும் ஒரு மாதத்துக்கு மேலே கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. நெல் ஆலைக்காரரிடம் முன்காசு வாங்குவோம் என்றார் இவர். விளைந்த பிறகு அவர் சொன்ன விலைக்கே கொடுக்கவேண்டும், அது தெரிந்த விசயம். ஒரு கடனை மூட இன்னொரு கடனா என்று நான் கத்தினேன். அப்படியென்றால் வழியைச் சொல்லும் என்று அவரும் கத்தினார். வழி தொழுவத்தில் நின்றது. செத்த பசுவின் கன்று, வளர்ந்து அடுத்த வருசம் ஈனக்கூடிய நாகு. அதை வாங்கிக் கூட்டிக்கொண்டு போனவன் கயிற்றை இழுக்க அது திரும்பித் திரும்பிப் பார்த்தது. அந்தக் காசும் போதவில்லை. அலுமாரியையும் விற்றேன், வாங்கிய விலையில் பாதிக்கு.

சடங்குக்கு ஐந்து நாள் இருக்கும்போது வங்கிக்குப் போனோம். அதே தம்பி. காப்பை நிறுத்துப் பார்த்துவிட்டு, “இண்டைக்கு நல்ல விலை அக்கா. திருப்பி வைச்சால் நல்லாக் கூட வரும்,” என்றான். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் காசை எண்ணித் தள்ளினேன். அவனுக்குப் பதில் சொல்லத் தொடங்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

நாலு காப்பையும் அதே லேஞ்சியில் முடிந்து மறுநாள் பளைக்குப் போனேன். மச்சாள் முடிச்சை அவிழ்த்தார். இப்போது போட்டுக்கொள்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போடவில்லை. திரும்ப முடிந்தார்.

“நல்ல காலம், வந்து சேந்திட்டுது,” என்றார். “மண்டபக்காரன் நாளைக்குக் காசு கேக்கிறான். வாரும், வைச்சிட்டு வருவம்.”

என் நாகுவும் என் அலுமாரியும் இன்னொரு வங்கியின் பெட்டிக்குள் போகப்போகின்றன. பின்னால் நடந்தேன்.

அந்தக் கவுண்டரில் ஒரு பிள்ளை இருந்தாள். நாலு காப்பையும் நிறுத்தாள். மச்சாள் கேட்ட காசு ஒரு சோடிக்கே வரும், நாலையும் வைத்தால் நிறையக் கூட எடுக்கலாம் என்றாள். மச்சாள் என் பக்கம் திரும்பினார்.

“கூட எடுப்பமோ? காப்பு சும்மா கிடந்து வளருமெண்டு என்ரை தம்பி சொல்லுறவன்.”

இவர் எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். இத்தனை வருசம் நான் யாரிடம் எதை ஒளித்தேன்?

“வேண்டாம் மச்சாள்,” என்றேன். “நாங்கள் மூண்டுதரம் கூட எடுத்தனாங்கள். மூண்டாம்தரம் எனக்கு அலுமாரி வாங்க. தேவையானதை மட்டும் எடுங்கோ.”

கவுண்டர் பிள்ளை பேனாவோடு காத்திருந்தாள். மச்சாள் ஒரு சோடியை மட்டும் அவள் பக்கம் தள்ளினார். மற்றச் சோடி சடங்கன்று அவர் மகளின் கையில் கிடந்தது.

வங்கியின் வாசலில் வைத்து ரசீதை என்னிடம் நீட்டினார்.

“இதை நீர் வைச்சிரும். என்னட்டை இருந்தால் நானும் ஒருநாள் கூட எடுத்துப்போடுவன்.”

பூட்டி வைக்க அலுமாரி இல்லை. ரசீதைப் பால் புத்தகத்துக்குள் வைத்தேன். அடுத்த பால் காசு வந்ததும் அந்த வட்டியில் பாதியைக் கட்டினேன், கூடவே ஒரு டசின் முட்டையும் பளைக்கு அனுப்பினேன்.