நீர்க்கோழியின் கால்

என் ஓரகத்திக்கு நீர்க்கோழி என்று பெயர் வைத்தவள் நான்தான். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் வாரம், மூத்த மருமகள் எங்கே என்று கேட்டதற்குப் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்த குளத்தைக் காட்டினார்கள். போய்ப் பார்த்தால் தண்ணீருக்கு மேலே தலை மட்டும் தெரிகிறது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. கீரை வாங்குகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள்.

கரையோரத்தில் வள்ளைக்கீரையும் ஆரைக்கீரையும் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். தாமரைக் கிழங்கு அவளுக்கு மட்டும்தான் அகப்படும். வெயில் காலத்தில் இலையெல்லாம் கருகிப்போய் மேலே வெறும் தண்ணீர்தான் இருக்கும். கிழங்கு முழங்கால் ஆழச் சேற்றுக்குள் படுத்திருக்கும். அங்கே கண் உதவாது, காலால்தான் தேட வேண்டும். பெருவிரலால் தடவிக் கணுவைக் கண்டுபிடிப்பாள். கொழுந்து நுனியை மண்ணிலேயே விட்டுவிட்டு, மற்றதைக் குதிகாலால் ஒடித்து, கால்விரல்களால் கவ்வி மேலே தூக்குவாள். "இது இளசு, இன்னும் பத்து நாள் கெடக்கட்டும்" என்று நின்ற இடத்திலேயே சொல்வாள். நானும் ஒருமுறை இறங்கித் துழாவினேன். எனக்குக் கிடைத்தது ஒரு பழைய செருப்பு.

அவள் வீட்டுக்காரர் போன பிறகு அந்தக் குளம்தான் அவளுக்குச் சோறு போட்டது. கிழங்கை வேகவைத்து உப்பும் மிளகும் தூவி வைத்தால் நாங்கள் இரண்டு பேருமே தட்டைக் காலி பண்ணிவிடுவோம். மிச்சத்தைச் சந்தையில் நான் விற்பேன். வெளியூரில் இருந்த பிள்ளை தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டேதான் இருந்தான். "அவன் வீட்ல கொழாத் தண்ணி. நான் எங்கடி எறங்குறது?" என்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கூடை பாதியாய் வர ஆரம்பித்தது. மறு வருஷம் கூடையின் அடியில் நாலு கிழங்கு. அதற்கடுத்த வருஷம் வெறுங்கூடை. காலையில் இறங்கியவள் மத்தியானம் நடுங்கிக்கொண்டே ஏறி வருவாள்.

"கொளம் செத்துப்போச்சுடி. கழிவுத்தண்ணிய விட்டு விட்டே கொன்னுட்டானுங்க. மழைக்கு எல மட்டும்தான் விடுது, அடியில கெழங்கு இல்ல."

நான் சும்மா இருந்திருக்கலாம். "கொளத்துக்கு வயசாச்சா, உனக்கு வயசாச்சாக்கா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு நாள் அவள் கால்விரல் இடுக்கில் அட்டை ஒன்று கொழுத்துத் தொங்கியது. நான்தான் பிய்த்தெடுத்தேன். பக்கத்திலேயே கண்ணாடி கிழித்த காயம் ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. "இது எப்ப கிழிச்சுது?" என்று என்னையே கேட்டாள். சர்க்கரைக்கு மாத்திரை தின்றுகொண்டிருந்தாள். காலைப் பற்றி டாக்டரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. எனக்காவது உறைத்திருக்க வேண்டும். இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இந்த வருஷம் வெயில் காலத்தில் ஓர் அதிகாரி வந்தார். குளத்தை மூடி பஸ் டிப்போ கட்டத் திட்டமாம். குளத்தை நம்பிப் பிழைப்பவர்கள் இருந்தால் தொடக்கூடாது என்று விதியாம். யாரைக் கேட்டாலும் நீர்க்கோழியைக் கேளுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனுஷர், மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, இதுல ஏதாச்சும் வெளையுதா?"

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். "இருக்குன்னு சொல்லுக்கா" என்று காதில் ஓதினேன்.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "இல்லாதத இருக்குன்னு எப்படிடி சொல்றது?" அவர் பக்கம் திரும்பினாள். "ஒண்ணுமில்ல சார். மூலை முடுக்கெல்லாம் மிதிச்சுப் பாத்துட்டேன். செத்த கொளம்."

"கரையோரத்துல கீரை?"

"அது சாக்கடை ஓரத்துலகூடத்தான் மொளைக்குது."

அவர் எழுதிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். புருஷன் போனபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

தண்ணீரையெல்லாம் மோட்டார் வைத்து இறைத்த பிறகு பொக்லைன் இறங்கியது. நாங்கள் இருவரும் கரையில் நின்றோம். முதல் வாரலிலேயே சேற்றோடு கிழங்கு வந்து விழுந்தது. குழந்தையின் கை பருமனுக்கு, வெளுப்பாக, கணுக்கணுவாக. அடுத்த வாரலிலும் அதேதான். இத்தனை நாள் யாரும் எடுக்காததால் குளம் முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பை தேடி ஓடினார்கள்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். நடுச்சேற்றில் நின்று பெருவிரலை அழுத்தினாள், திருப்பினாள், மறுபடி அழுத்தினாள். சேறு விலகி, அவள் பாதத்துக்கு அடியில் ஒரு கிழங்கின் முதுகு எனக்குத் தெரிந்தது. அவள் கீழே பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எது மேலடி நிக்கிறேன்?"

பேச்சுக்குப் பஞ்சமே இல்லாதவள் நான். அன்றைக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. "வெறும் சேறுதான்கா" என்றேன்.

அவள் குனிந்து கையை விட்டுத் தடவினாள். காலுக்கு உறைக்காதது கைக்கு உறைத்தது. பிறகு இழுத்தாள். மூன்று கணுக் கிழங்கு.

"நிறுத்துங்க! இங்க கெழங்கு இருக்கு!" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

"எல்லாம் கையெழுத்தாயிடுச்சும்மா. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? ஓரமா வாங்க" என்றார் டிரைவர்.

"வாக்கா, அந்த ஆபீசர்கிட்டயே போய்ச் சொல்லலாம்." அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. கிழங்கிலிருந்த சேற்றைச் சேலையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல இத்தனை பேர் இருக்க, என்னைத்தானேடி கேட்டாங்க" என்றாள்.