ஒரே பெண்ணுக்கு இரண்டு ரிப்போர்ட்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே ஒளிந்து நின்று மாட்டிக்கொண்டேன். ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு செய்த காரியம்!

“யாருய்யா அது ஜன்னல்ல?” என்று நடராஜன் சார் உள்ளேயிருந்து கத்த, மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. ஒருத்தியைத் தவிர. அவள்தான் என் மகள் ஸ்டெல்லா.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. எதிரில் இருப்பவர் “சரியா இருக்கு” என்று சொன்னால், உடனே அளந்து பார்க்கும் கேஜைக் கையில் எடுத்துவிடுவேன். வீட்டிலும் அந்தப் புத்தி போவதில்லை...

ஸ்டெல்லாவுக்கு எட்டு வயது. காது கொஞ்சம்தான் கேட்கும். மார்பில் ஒரு பை, பைக்குள் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். 91-ஆம் வருஷத்திலும் எங்கள் பென்னலூரில் அந்தக் காது மெஷினுக்குப் பெயர் ‘ரேடியோ’தான். “ஸ்டெல்லா, பாட்டு வை” என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

அவளுக்கு இரண்டு டீச்சர்கள். வகுப்பு டீச்சர் நடராஜன் சார், வல்லக்கோட்டைக்காரர், கண்டிப்பானவர். இன்னொருவர் விமலா மிஸ். காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் படித்தவர். வாரத்தில் இரண்டு நாள் மணிமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். ஸ்டெல்லாவை வராண்டாவுக்கு அழைத்துப் போய் உட்காரவைத்துப் பாடம் நடத்துவார்.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் நடராஜன் சார் என்னைக் கூப்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஏறல. கேட்டா பதிலே வராது. வர்ற ஜூன்ல மெட்ராஸ்ல ஹாஸ்டலோட இருக்கிற ஸ்கூல்ல சேர்த்துடுங்க.”

அதே வாரம் விமலா மிஸ் பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டார்.

“ஸ்டெல்லா ரொம்பப் புத்திசாலி சார். ஒரு தடவை சொன்னா போதும், கப்புனு பிடிச்சுக்கறா.”

ஒரே பெண். இரண்டு ரிப்போர்ட். ஒருத்தர் பொய் சொல்கிறார் என்றுதானே அர்த்தம்?

யார்? இன்ஸ்பெக்டர் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. மக்குப் பிள்ளை ஒன்று குறைந்தால் தன் வகுப்புக்கு நல்ல பெயர் என்று சார் கழற்றிவிடப் பார்க்கிறாரா? இல்லை, பிள்ளை தேறவில்லை என்றால் தன் வேலைக்கே ஆபத்து என்று மிஸ் புகழ்ந்து தள்ளுகிறாரா? போதாததற்கு, சார் மிஸ்ஸைப் பற்றி “வராண்டாவுல கதை பேசிட்டுப் போறாங்க” என்றார். மிஸ் சாரைப் பற்றி “சாருக்கு நான் வர்றதே பிடிக்கல” என்றார்.

என் மனைவி ரோஸிக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் கிடையாது. “எட்டு வயசு புள்ளைய ஹாஸ்டல்ல தள்ளிட்டு நான் இன்னா பண்ணுவேன்? ராத்திரி தூக்கத்துல எழுந்து அழுதா, அங்க எவ பார்ப்பா?” என்று சொன்னவள், அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஹாஸ்டல் யோசனையே என்னுடையது மாதிரி!

அதனால்தான் அந்த லீவு. அந்த ஜன்னல்.

மாட்டிக்கொள்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். விமலா மிஸ் வராண்டாவில் ஸ்டெல்லாவை ஏழாம் வாய்ப்பாடு கேட்டார். கடகடவென்று சொன்னாள். உச்சரிப்பு கொஞ்சம் குழறியது, கணக்கு குழறவில்லை. பிறகு உள்ளே அனுப்பினார். நடராஜன் சார் அதே ஏழாம் வாய்ப்பாட்டைக் கேட்டார். ஸ்டெல்லா டெஸ்க்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி கேட்டார். அசையவில்லை. சார் கையை விரித்தார்.

இரண்டு ரிப்போர்ட்டும் நிஜம்! எனக்குத் தலை சுற்றியது. அப்போதுதான் அந்த “யாருய்யா அது?”

வராண்டாவில் மூன்று பேரும் நின்றோம். ஸ்டெல்லாவும் வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் பார்த்ததைச் சொன்னேன். விமலா மிஸ் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

“நான் வர்றப்பல்லாம் இவ மெஷின் ஆஃப்ல இருக்கு சார். நான்தான் ஆன் பண்ணுவேன். சத்தம் போடுதுன்னு இவர்தான் நிறுத்தி வைக்கிறாரோன்னு...”

“நானா?” நடராஜன் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. “அந்தப் பொட்டிய நான் தொட்டதே இல்ல. உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கட்டும்னு நீங்கதான் ஆஃப் பண்ணச் சொல்லியிருக்கீங்கன்னு நினைச்சேன்!”

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம், வீட்டிலேயே ஆஃப் பண்ணி அனுப்புகிறோம் என்று என் மேலும் ஒரு சந்தேகம்.

குனிந்து, பெட்டியை ஆன் பண்ணி, ஸ்டெல்லாவுக்கு என் முகம் தெரிகிற மாதிரி கேட்டேன். “யாரும்மா இதை ஆஃப் பண்றது?”

அவள் பதில் சொல்வதற்குள் பக்கத்து நாலாம் வகுப்பில் பிள்ளைகள் கோரஸாகப் பாட்டை ஆரம்பித்தார்கள். ஸ்டெல்லாவின் முகம் சுருங்கியது. கை தானாக மார்புக்குப் போனது. டிக்!

“சத்தம்பா... தலை வலிக்குது.”

அவ்வளவுதான் விஷயம். அந்தப் பெட்டி டீச்சர் குரலை மட்டும் பெரிதாக்குவதில்லை. பெஞ்ச் இழுக்கிற சத்தம், இருமல், பக்கத்து வகுப்பு... எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காதுக்குள் கொட்டுகிறது. தாங்க முடியாமல் பெண் ஆஃப் பண்ணியிருக்கிறாள். எங்கள் மூன்று பேரில் யாருக்காவது அவளிடம் கேட்கத் தோன்றியதா?

நடராஜன் சார் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “அந்தப் புள்ளைக்குப் புத்தி இல்லன்னே நினைச்சிட்டேன்...” என்றார். அப்புறம் விமலா மிஸ்ஸிடம், “மெஷின் ஆஃப்ல இருக்குன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“என்னை உள்ள விட்டாத்தானே சார்!”



எங்கள் கம்பெனியில் ஒரே மெஷினில் இரண்டு ஷிஃப்ட் ஓடும். ஏ ஷிஃப்ட்காரன், பி ஷிஃப்ட்காரன் செட்டிங்கைக் கெடுத்துவிட்டான் என்பான். பி ஷிஃப்ட்காரன், ஏ ஷிஃப்ட்காரன் என்பான். ஷிஃப்ட் மாறும்போது இருவரும் மெஷின் பக்கத்தில் சேர்ந்து நின்று பேசினால் பாதி ரிஜெக்‌ஷன் வராது. யார் நிற்கிறார்கள்?

மறு வாரமே விமலா மிஸ் வகுப்புக்குள் வந்துவிட்டார். சாருக்கு அது லேசில் ஒத்துவரவில்லை. “ரெண்டு பேர் நின்னா பசங்க யாரைப் பார்ப்பாங்க?” என்று புலம்பினார். முதல் நாள் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, பிள்ளைகள் சிரித்துத் தீர்த்தார்களாம். இப்போது சார் போர்டைப் பார்த்துப் பேசுவதில்லை. ஸ்டெல்லா முன் பெஞ்சில். கோரஸ் வரும்போது ஆஃப் பண்ணிக்கொள்ளலாம், சார் கையைத் தூக்கினால் ஆன் பண்ண வேண்டும். விமலா மிஸ் வராத நாளிலும் அப்படித்தான் நடக்கிறது என்கிறார் சார்.

நான் நம்பவில்லை. சாயங்காலம் பக்கத்து பெஞ்ச் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தேன். நிஜம்தான்.

ஹாஸ்டல் பேச்சு நின்றுவிட்டது. ரோஸி என்னோடு பேசுகிறாள்.

இந்த வாரம் சாரும் மிஸ்ஸும் சேர்ந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். இருவரும் ஒரே குரலில் ஒரே புகார்... ஸ்டெல்லா வகுப்பில் ஓயாமல் பேசுகிறாளாம்.

இந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் அப்படியே பாஸ் பண்ணிவிட்டேன்!