ஐந்தேகால் மீட்டரும் ஏழு பேண்ட்டும்

அக்கா மகன் நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தான். பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதாம். பையன் பளிச்சென்று நிற்கிறான், பின்னால் எல்லாம் கூழ். அங்கே இருப்பது கடலா கக்கூஸா, கடவுளுக்கே வெளிச்சம். நானும் ஒரு காலத்தில் பெண் வீட்டுக்குப் படம் அனுப்பியவன்தான். என் கட்சி வேறு.

தொண்ணூறுகளில் மராத்தி பேசும் ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். கண்ணை நம்பாமல் அளந்து பார்ப்பதற்குத்தான் சம்பளம். பழைய கேமரா ஒன்று வாங்கி, ஹைபர்ஃபோகல் தூரம் என்றொரு சங்கதியைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஐம்பது எம்.எம். லென்ஸின் துவாரத்தைப் பதினாறுக்குச் சுருக்கி, ஃபோகஸ் வளையத்தை ஐந்தேகால் மீட்டரில் நிறுத்தினால் போதும். இரண்டரை மீட்டர் தாண்டியதும் தொடங்கி அடிவானம் வரை அத்தனையும் தெளிவு. டைமரை முடுக்கிவிட்டு ஓடிப்போய் நின்று தன்னைத்தானே எடுத்துக்கொள்பவனுக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்து ஆலைகளுக்கு வியாழன்தான் விடுமுறை. அப்படியொரு வியாழக்கிழமை முற்றத்தில் ஸ்டீல் டேப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பதறிக்கொண்டு வந்தார்.

"காய் ரே, ஜாகா மோஜ்தோஸ்?"

இடத்தை அளந்து மடக்கப் பார்க்கிறேன் என்று அவருக்குப் பயம்.

அந்த ஒற்றை அறையில் நாங்கள் ஏழு பேர். ஊருக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் நான் தனி வீட்டில் இருந்தேன். அறை நண்பன் செல்வம் கேட்டான்.

"நாங்களும் ஒரு ஓரமா நிக்கோம்டே."

"தலைய எண்ணிருவாங்கடே, உள்ள போங்க!"

ஆறு பேரையும் அறைக்குள் விரட்டிக் கதவைச் சாத்திவிட்டு, வேட்டி சட்டையில் குடும்பப் பாங்காக நின்று எடுத்துக்கொண்டேன்.

படம் அம்பாசமுத்திரம் போயிற்று. பத்து நாள் கழித்துக் கீழே இருந்த போன் பூத்துக்கு அப்பா கூப்பிட்டார்.

"ஏல, பொண்ணோட அப்பா டெய்லர்லா. பின்னால கொடியில ஏழு பேண்ட் கெடக்காம். ஏழும் ஏழு நீளம்ங்காரு. யாருதுல அதெல்லாம்?"

விடுமுறையன்று எல்லோரும் துவைத்துப் போட்ட யூனிஃபார்ம். பன்னிரண்டு மீட்டர் தள்ளி இருந்த கொடி, தையல் வரை தெளிவு. சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். உண்மையை ஒப்புக்கொண்டு கடிதம் போட்டேன். அப்பா மறுபடி கூப்பிட்டார்.

"பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சாளாம். சம்மதம்தானாம். ஆனா கொடியில இனி ஒரு பேண்ட்தான் கெடக்கணும்னுட்டா."

தாபோடியில் தனியாக வீடு பிடித்தேன். மாமனார் அளவெடுக்காமலே, படத்தைப் பார்த்தே கல்யாண வரவேற்புக்குப் பேண்ட் தைத்து வைத்திருந்தார். கொடியில் எது என்னுடையது என்று அவர் ஊகித்தது, ஆறடிச் செல்வத்தினுடையதை. மடித்து மடித்துப் பின் குத்திக்கொண்டு மேடையில் நின்றேன். அதைப் பார்த்துச் சிரிக்க அவனும் வரவில்லை. ஆறு பேரில் ஒருவருக்கும் லீவு கிடைக்கவில்லை.

பிறகு ஆட்குறைப்பு வந்தது, ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். அந்த முற்றத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அவர்களைப் பற்றி என்னிடம் இருப்பது அந்த ஒரே படம்தான். ஆறு பேண்ட்டும் மடிப்பு வரை தெரிகின்றன. செல்வத்தின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன், மூக்கு வருகிறது, கண் வர மாட்டேன் என்கிறது. ஓரமாக நிற்கிறோம் என்றுதானே கேட்டான், பாவி நான், விட்டிருக்கலாம்.